மாமன் மடி

குழந்தையின் தாய்மாமன் யார், வந்து உட்காருங்கள் என்று முடியெடுக்கிறவர் கூப்பிட்டார்.

இசக்கிச்செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குளத்துப் படிக்கட்டில் நின்றாள்.

தாய்மாமன் அங்கேதான் இருந்தான்.

சாஸ்தா கோயிலுக்குத் தெற்கே, மருத மரத்தடியில் அவர்கள் குடும்பத்துப் பொங்கல் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அண்ணன் சங்கிலிபூதத்தான் குனிந்து அடுப்புக்குள் ஓலையைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் அவளைப் பார்த்துவிட்டான். எல்லோருமே பார்த்துவிட்டார்கள். சித்திகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேங்காய் துருவினார்கள். அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்தவள்தான், திரும்பவே இல்லை.

பங்குனி உத்திரத்துக்கு எந்த ஊரில் இருந்தாலும் வந்துவிடுகிற குடும்பம் அது. பேட்டையிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து, மும்பையிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். குளத்தங்கரை நெடுக வேன்களும் அடுப்புப் புகையும். ஒலிபெருக்கி யார் பேச்சையும் யார் காதிலும் விழவிடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் வேறு சாதிப் பையன் சிவசண்முகத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். முதல் சில மாதம் அண்ணனும் ஆட்களும் ஊர் ஊராகத் தேடியதாகக் கேள்வி. அவளும் சிவசண்முகமும் வள்ளியூர்ப் பக்கம் ஒரு வீட்டில் யாருக்கும் சொல்லாமல் இருந்தார்கள். பிறகு தேடுவது நின்றுபோனது. கோபம் ஆறிவிட்டது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் மொட்டை தகப்பன் வழிக் கோயிலில்தான் எடுக்க வேண்டும். சிவசண்முகம்தான் மாற்றிச் சொன்னான். உங்கள் சாஸ்தாவுக்கே எடுப்போம், அன்றைக்கு உன் ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள், பிள்ளை முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் வெறுப்பு நிற்காது என்றான். தான் கூடவே வந்தால் பேச்சு வளரும் என்று அவன் கோயிலுக்குள் வரவில்லை.

ஆள் இல்லையென்றால் நீயே வைத்துக்கொள்ளம்மா, பின்னால் நிறையப் பேர் நிற்கிறார்கள் என்றார் முடியெடுக்கிறவர்.

அவள் உட்காரப் போனாள்.

அப்போது சங்கிலிபூதத்தான் வந்தான். கரி படிந்த கைகளைக் குளத்தில் கழுவினான். வேட்டியில் துடைத்துக்கொண்டு படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் நீட்டினான்.

அவள் பிள்ளையை அந்த மடியில் வைத்தாள்.

தண்ணீர் தெளித்ததும் பிள்ளை வீரிட்டான். மாமனின் ஒற்றை விரலை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் மறு கையால் பிள்ளையின் மோவாயைத் தாங்கிக்கொண்டான், கத்தி பட்டுவிடாமல்.

"ஒண்ணுமில்லல, இந்தா முடிஞ்சிட்டு."

அண்ணனின் குரலை அவள் இரண்டு வருடம் கழித்துக் கேட்டாள்.

கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள். பிறந்தபோது பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருந்தது, இப்போதுதான் இரண்டு பல் வந்திருக்கிறது, அம்மா மாதிரியே தூக்கத்தில் சிரிக்கிறான். அண்ணன் ம், ம் என்று கேட்டுக்கொண்டான். பிடரியில் ஒட்டியிருந்த முடியைத் தன் துண்டால் துடைத்துவிட்டான். சந்தனத்தை வாங்கி அவனே மொட்டைத் தலையில் தடவினான். கை நிதானமாகத் தடவியது.

தடவிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"மாப்பிள்ள எங்கட்டி நிக்காரு?"

மாப்பிள்ளை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவளும் சிவசண்முகமும் இரண்டு வருடம் காத்துக் கிடந்தார்கள்.

பஸ் ஸ்டாப்பில், சர்பத் கடைக்குப் பக்கத்தில் என்றாள். நீலச் சட்டை போட்டிருக்கிறார் என்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, நீ கூப்பிட்டால் வந்து பொங்கல் சாப்பிடுவார் என்றும் சொன்னாள்.

அவன் தலையாட்டினான். பிள்ளையைப் பதனமாக அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து மரத்தடிக்குப் போனான். சித்தப்பா மகன்கள் இருவர் யாரும் கூப்பிடாமலே எழுந்தார்கள். மூன்று பேரும் ஒரே பைக்கில் கரை ஏறிப் போனார்கள்.

அவள் மொட்டைத் தலையை முகர்ந்துகொண்டு நின்றாள். சாஸ்தா கண் திறந்துவிட்டார் என்று நினைத்தாள்.

காலையிலிருந்து திரும்பாத அம்மா, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பேரனைப் பார்க்கவில்லை. மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வெறகு வெட்டுன அருவாளத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். போனப் போட்டு ஒன் புருசன ஓடச் சொல்லுட்டி."

இசக்கிச்செல்வி போனை எடுத்தாள். ஒரு முறை தவறான பெயரைத் தொட்டாள். பிறகு மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான். அவ்வளவு சந்தோஷமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை.

"செல்வி, உங்க அண்ணன் வாராவ. என்னப் பாத்துச் சிரிக்காவ. பொறவு பேசுதேன்."

வைத்துவிட்டான்.