மன்னிப்புக் குறிப்பு

உப்புப் படிந்த மாடி ஜன்னல் வழியே பாம்பனின் பிற்பகல் வெயில் லேப்டாப் திரையில் விழுகிறது. கணினியின் அடிப்படை நிரலான கெர்னலில் எல்லாரையும் குழப்பும் ஒரு ஃபங்ஷனின் பெயரை யும்னா ஒவ்வொரு வரியாக மாற்றுகிறாள். மாற்றச் சொன்னவர் அதை எழுதிய மாரெக். அப்படிக் கேட்டு எழுதியதுதான் அவருடைய கடைசி மெயில். வரியைக் கடைசியாகத் தொட்டவரைக் காட்டும் ஓரத்தில், மாற்றிய வரிக்கெல்லாம் அவர் பெயர் மறைந்து இவள் பெயர் வருகிறது. சோற்றுத்தட்டோடு வந்த உம்மா, "கண்ணு ஏன் செவந்திருக்கு? யாரும் மௌத்தாயிட்டாகளா?" என்கிறாள். "கூட வேலை பாத்தவுக, இறந்துட்டாக." "எந்த ஊரு?" "கேட்டதே இல்லம்மா. ஆறு வருசமா மெயில்லதான் பழக்கம்." உம்மா தட்டை வைத்துவிட்டு இறங்கிப் போகிறாள். ஃபங்ஷனுக்கு மேலே மாரெக் எழுதிய குறிப்பு மட்டும் அவர் பெயரில் மிஞ்சுகிறது: 'பெயர் சரியில்லை, மன்னிக்கவும்.' பெயர் இப்போது சரியாகிவிட்டது. குறிப்பு இனி வேண்டியதில்லை. யும்னா அதை அழிக்காமல் விடுகிறாள்.