கிரேன்காரரின் பிஸ்கட்

"இதோ பாருங்க, எங்க அண்ணன் வாயோரம் ஒட்டியிருந்த பிஸ்கட் தூள்! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் கைக்குட்டையை விரித்து ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள் கிரேன்காரரின் தங்கை. தெருவில் அவளுக்குக் 'கலெக்டர்' என்று பெயர். உத்தியோகம் ஒன்றும் கிடையாது, உத்தரவு மட்டும்தான்.

கிரேன்காரர் உள்ளே வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். சரக்குக் கிடங்கில், கிரேன் கூண்டுக்குள் தனியாகச் சாய்ந்து கிடந்தவரைக் கயிறு கட்டி இறக்கி, இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. துக்கம் விசாரிக்க வந்த நம் தெருக்காரர்களோ, துக்கத்தை விட்டுவிட்டு விசாரணையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பெஞ்சில் மனைவி. பாத்திரம் துலக்கிய கையோடு ஓடிவந்தவள், கைச் சோப்பு காய்ந்து வெள்ளையாகிவிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

"சக்கரை வியாதிக்காரருக்கு வாராவாரம் பிஸ்கட் சுட்டுக் கொடுக்கிறாளே, இவ பொண்டாட்டியா, எமனா?"

"அவர்தான் கேட்பார். பாக்கெட்ல பிஸ்கட் இல்லாம கூண்டுல ஏறவே மாட்டார்."

"விஷம் கேட்டாலும் கொடுப்பியா? தலை சுத்துதுன்னு ஒரு சாக்கு. ரெண்டு பிஸ்கட்டை மொக்கிட்டு, 'இப்ப தெளிஞ்சிடுச்சு'ன்னு ஒரு நடிப்பு! எங்க அண்ணன் சின்ன வயசுலேர்ந்தே இனிப்புக்குத் திருட்டுப் பூனை. அது தெரிஞ்சே பாலைத் திறந்து வச்சிருக்கா இவ."

கூட்டம் தலையாட்டியது. "இதெல்லாம் போலீஸ்ல சொல்றதுதான் முறை" என்று மாடிவீட்டு அம்மாள், யாரிடமும் சொல்லாதது போல எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

கலெக்டர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். "சொல்லத்தான் போறேன். சக்கரையைப் போட்டே கொன்னுட்டான்னு எழுதிக் கொடுத்து, இவளை உள்ளே தள்ளாம விடமாட்டேன்."

மனைவி எழுந்து நின்றாள்.

"நேத்து பிஸ்கட் செய்யச் சக்கரை டப்பாவைத் திறந்தா காலி. அது யார் வேலை?"

"நான்தான் சிங்க்ல கொட்டினேன்! எங்க அண்ணன் நல்லா இருக்கணும்னு கொட்டினேன். நீதான் உடனே கடைக்கு ஓடியிருப்பியே."

"ஓடலை. நீ வாங்கி வச்சிட்டுப் போன சுகர் ஃப்ரீ பொடியைத்தான் போட்டேன். ஒரு சிட்டிகை சக்கரை கிடையாது அதுல." மனைவியின் குரல் உடைந்தது. "சூட்டோட ஒண்ணு எடுத்துக் கடிச்சுப் பார்த்தார். 'இனிப்பு சரியா இருக்கு'ன்னார். அவருக்கே வித்தியாசம் தெரியலை. இன்னைக்குக் காலையில இன்சுலின் ஊசியைப் போட்டுக்கிட்டு, நேரமாச்சுன்னு சாப்பிடாமக்கூட, பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடினார்."

நம் தெரு நொடியில் கட்சி மாறியது. "எனக்கு அப்பவே தெரியும், அவ அப்படிப்பட்டவ இல்லை" என்றாள் மாடிவீட்டு அம்மாள்.

கலெக்டரின் கையிலிருந்து கைக்குட்டை நழுவியது. "என் பேச்சையா கேட்டீங்க, அண்ணி?"

"கேட்டேன். இனிமே எப்பவும் அந்தப் பொடிதான்னு உன்கிட்ட சொல்லணும்னு..."

முடிக்க முடியவில்லை. நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றே இத்தனை வருஷம் சண்டையைக் கேட்டுப் பழகியவர்கள், இந்தக் காட்சிக்குத் தயாராக வரவில்லை. இரண்டு பேருக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். கையில் ஒரு காலி பிளாஸ்டிக் உறை.

"பாக்கெட்ல இருந்துச்சு. மயக்கம் வர்றப்ப ஒண்ணு விடாம சாப்பிட்டிருக்கார். யார் செஞ்சது?"

"நான்தான், டாக்டர்." மனைவி நிமிர்ந்து நின்றாள். "ஆனா சக்கரையே போடலை."

"நான்தான் போடவிடலை, டாக்டர்." தன் பங்கைக் கலெக்டர் விட்டுக்கொடுக்கவில்லை.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உறையை மெதுவாக மடித்தார்.

"உடம்புல சக்கரை அடியோட இறங்கித்தான் மயங்கியிருக்கார். அதுல கொஞ்சம் சக்கரை இருந்திருந்தா, பொழைச்சிருப்பாரும்மா."