கடலம்மாவின் பச்சைப் பிள்ளைகள்

தென்துருவத்துக் கடலம்மாவுக்குக் கோடை வந்தால் போதும், பொடிப்பொடியாய்ப் பாசிப் பிள்ளைகள் பிறந்து மேலெல்லாம் பச்சையாகிவிடும். கண்பட்டால் வாடிப்போவார்களே என்று உடனே மேகத்தை இழுத்துப் போர்த்திவிடுவாள்.

மேலே செயற்கைக்கோள் வந்து கெஞ்சியது. "அக்கா, கொஞ்சம் விலக்குங்க. வருசா வருசம் பார்க்கிறவன்தானே நான்?"

"பிள்ளைகளை எண்ணக் கூடாது தம்பி!"

"எண்ணலைக்கா. பச்சை கூடியிருக்கா, குறைஞ்சிருக்கான்னுதான் பார்ப்பேன். பார்க்காமல் போனால், உங்க பிள்ளைகள் நல்லா இருக்காங்களான்னு தெரியாம ஊரே தவிக்கும்."

"என் பிள்ளைகளுக்காகவா?" கடலம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "சித்த இரு" என்று உள்ளே ஏதோ செய்துவிட்டு, மேகத்தை மெல்ல விலக்கினாள்.

கண்ணுக்கெட்டிய வரை பச்சை. நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு திமிங்கிலம்.

"அது எதுக்குக்கா?"

"திருஷ்டிப் பொட்டு வைக்காமல் பிள்ளையை வெளியே காட்டுவாங்களா? சீக்கிரம் பாரு, பொட்டுக்குப் பசிக்குதாம்!"