பனிக்கு ஆகாத டயர்

தூபாவின் இடது கன்னம் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. முக்காட்டை முன்னால் இழுத்து அதை மறைத்தபடியே டயர் கடைக்குள் வந்தாள்.

கடைக்காரர் நொஸ்ரத் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். அவள் கணவன் இஸ்ஃபந்தியார், கராஜ் நகரத்திலிருந்து மலை தாண்டி சாலூஸுக்கு ஆள் ஏற்றிப் போகும் டாக்ஸிக்காரன். தங்கமான மனுஷன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்.

"பனி டயர் மாட்டணும்னு நேத்துலேர்ந்து சொல்லிட்டிருந்தாருண்ணா. மத்தியானம் சவாரி இருக்காம்."

"அவன் வரலையா?"

"அசந்து தூங்குறாரு. நானே வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்."

பெண்டாட்டி முகத்தை இப்படி ஆக்கிவிட்டுத் தூக்கம் வேறா? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு நொஸ்ரத் ஒரு டயரை உருட்டி வந்தார். "இதைத் தொட்டுப் பாரும்மா, மெத்துன்னு இருக்கும். எந்தக் குளிருக்கும் இறுகாது. ஐஸையே கவ்விப் பிடிக்கும்."

தூபா தொடவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த வேறு டயர்களைக் காட்டினாள். "அதுல நாலு மாட்டிருங்க."

"அது வெயில் காலத்துக்கு. பார்க்கப் புதுசா இருக்கும், பனியில சோப்பு மாதிரி வழுக்கும்."

"தெரியும்ணா. அதைத்தான் மாட்டணும். டிக்கியில சக்கரத்துச் சங்கிலி இருக்கு, அதையும் எடுத்து இங்கேயே வெச்சுக்கங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்."

மேலே மலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம்.

"அவன் மட்டும் போகலைம்மா. பின்னாடி நாலு பேர் உக்காந்து வருவாங்க."

"அதையும் யோசிச்சுத்தான் வந்தேன்." தூபா குரலைத் தாழ்த்தினாள். "அடிவாரச் சாவடியில போலீஸ் டயரைப் பார்ப்பாங்க இல்ல?"

"பார்ப்பாங்க. டயர்ப் பக்கவாட்டுல பனிப்பூ முத்திரை இருக்கணும், இல்லேன்னா சங்கிலியைக் காட்டணும். எதுக்குக் கேக்குற?"

"நிச்சயமாப் பார்ப்பாங்களா?"

மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுகிறாள் என நொஸ்ரத் நினைத்தார். தினமும் போய் வருகிற டாக்ஸியை எந்தப் போலீஸ் குனிந்து பார்க்கப் போகிறான்? "இன்னைக்குக் கண்டிப்பாப் பார்ப்பாங்க" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டாவது மனசு மாறட்டும்.

அவள் மாறவில்லை. "மருந்துக் கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன், அதுக்குள்ள மாட்டிருங்கண்ணா" என்று கிளம்பிவிட்டாள்.

நொஸ்ரத் கொஞ்ச நேரம் ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு, இருப்பதிலேயே நல்ல பனி டயர்களாக எடுத்து மாட்டினார். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போட்டு, டிக்கியில் அது இருந்த இடத்திலேயே வைத்தார். ரேடியேட்டரில் உறையாத திரவம் ஊற்றினார். விறைத்துப்போயிருந்த வைப்பரையும் மாற்றினார்.

கை நீட்டுகிறவனாகவே இருக்கட்டும், அதற்காகப் பள்ளத்தில் விழுந்து சாகவேண்டுமா? இந்தப் பெண்தான் ஆயுசு முழுக்க ஜெயிலில் கிடக்கவேண்டுமா?

தூபா திரும்பி வந்தாள். "மாட்டிட்டீங்களா?"

"மாட்டியாச்சு."

"சங்கிலி?"

"எடுத்தாச்சு."

அவள் டயரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க கை நோகாம இருக்கட்டும்ணா" என்று நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்கு மேல் ஊருக்குள்ளேயே பனி தூற ஆரம்பித்தது. நொஸ்ரத் கடையைச் சாத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தூபா மூச்சிரைக்க ஓடி வந்தாள். முக்காடு தோளில் கிடந்தது.

"சாவடியைத் தாண்டிட்டேன்னு போன் பண்ணாருண்ணா. போலீஸ் எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் விட்டாங்களாம். எப்படிண்ணா விட்டாங்க?"

நொஸ்ரத் அவளை உட்கார வைத்தார். கண்ணாடி டம்ளரில் தேநீர் ஊற்றி முன்னால் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"நீ சொன்னதை நான் செய்யலைம்மா. மாட்டினது பனி டயர். சங்கிலியும் டிக்கியிலதான் இருக்கு. அவன் பத்திரமாப் போய்ச் சேருவான். அடிச்ச கோவத்துல ஏதோ நெனச்சுட்ட. இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும், நான் யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்."

தூபா அவரையே பார்த்தாள். போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதேதான்.

"சாவடியில திருப்பி அனுப்பிருவாங்க, வீட்டுக்கு வந்து படுத்துப்பாருன்னுதானே உங்ககிட்ட வந்தேன். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. போலீஸ்கிட்ட போனா லைசென்ஸைப் புடுங்கிடுவாங்க. டிரைவருங்க கூடுற கடை இது, இங்கேயும் எப்படிண்ணா வாயைத் திறக்கிறது?"

"அவன் உன்னை அடிச்சதையா?"

"அவரு என்னை அடிச்சதே இல்லண்ணா. பிடிச்சுக்கப் போனேன், அப்ப கை பட்டுடுச்சு."

"எதுக்கும்மா அவனைப் பிடிக்கப் போனே?"

தூபா மறுபடியும் போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"விடியக்காலையில அவருக்கு வலிப்பு வந்துச்சுண்ணா."