ஓட்டக்காரர்களின் நடவு

தொண்ணூற்றாறாம் வருடத்துப் பிசானப் பருவ நெல் நடவில், அந்தச் சனிக்கிழமை காலை வயலில் இருந்தவர்கள் ஐந்து பேர். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாவா, மருந்துக் கடை முகுந்தன், நர்ஸ் சாலோமி, டவுணில் அல்வாக் கடை போட்டிருக்கும் ஆவுடைநாயகம், பிறகு பிரிஸில்லா. வரப்பில் நின்ற நேசையா சாரையும் சேர்த்தால் ஆறு.

வேறு யாரும் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நேசையா சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பிரிஸில்லா அவருடைய ஒரே மகனின் மனைவி. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

சனிக்கிழமை தவறாமல் அந்த ஐந்து பேரும் பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் ஓடுவார்கள். ஓட்டம் முடிகிற இடத்தில், அநாதை இல்லத்துக்காக ஊர் சேர்ந்து பயிர் வைக்கும் ஒரு வயல். அதில் ஒரு மணி நேரம் கூலி வாங்காமல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பவும் ஓடுவார்கள்.

மருமகள் ஓடுவதை அவர் பொறுத்துக்கொண்டார். உடம்புக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். அவள் சேற்றில் இறங்குகிறாள் என்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம் தபால் ஆபீஸில் வைத்துத்தான் அவர் காதுக்கு வந்தது.

"என்ன சார்வாள், மருமக நடவுக்குப் போகுதாமே?"

கேட்டவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

'எங்கள் குடும்பத்தில் சேற்றில் கால் வைத்தவர்கள் கிடையாது.' இது நேசையா சார் முப்பது வருடமாகச் சொல்லிவந்த வாக்கியம். பிரிஸில்லாவைப் பெண் கேட்டுப் போன வீட்டிலும் உட்கார்ந்ததும் இதைத்தான் சொன்னார். அவருடைய குடும்ப கௌரவம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றது.

அதனால்தான் வந்தார். கஞ்சி போட்ட வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் குடை. பஸ்ஸை விட்டு இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல், வாய்க்கால் கரையோடு நேராக வந்து நின்றார்.

"பிரிஸில்லா, கையைக் கழுவிட்டு ஏறி வா. ரோட்டுல பஸ் போகுது. நாலு பேரு பாக்குதாங்க."

"நடுத பொம்பளைங்க இன்னைக்கு வரல்ல மாமா. நாத்தைப் பறிச்சுப் போட்டாச்சு. விட்டா வீணாப் போயிரும். முடிச்சிட்டு வாரேன்."

அவர், வரப்பில் கழற்றி வைத்திருந்த ஐந்து ஜோடி கான்வாஸ் ஷூக்களுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

ஐந்து பேரும் பந்தயம் வைத்து நட்டார்கள்.

"ஏலே முகுந்தா, ஓட்டத்துலதான் உன்னய முந்த முடியல்ல. இதுல பாரு!" என்று பாவா சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனார்.

வரப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நட்ட நாற்றில் பாதி மிதந்தது. மீதி சேற்றுக்குள் போயிருந்தது.

"தண்ணி கூடிப்போச்சு வே," என்றார் ஆவுடைநாயகம். "மடையைத் தொறந்து வடிச்சிருவோமா?"

தண்ணீரில் குற்றமில்லை. ஓடிப் பழகியவர்கள் முன்னே பார்த்து முன்னே போய்க்கொண்டே நட்டார்கள். தாங்கள் நட்டதைத் தாங்களே மிதித்தார்கள்.

நேசையா சார் ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். நடவு எப்படி என்று இவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும்.

ஆவுடைநாயகம் மண்வெட்டியோடு மடைக்கு நடந்தார்.

"மடையைத் தொடாதேயும். பின்னால போய்க்கிட்டே நடுங்க," என்று வரப்பிலிருந்து நேசையா சார் குரல் கொடுத்தார்.

அவர்களுக்குப் புரியவில்லை. பின்னால் நகர்ந்து ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். சாலோமி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நேசையா சார் குடையை வரப்பில் குத்தினார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினார்.

இடது கையில் ஒரு நாற்று முடி. கட்டைவிரல் பிரித்துக் கொடுக்க, வலது கை வாங்கி ஊன்றியது. கால் பின்னால் போனது. திரும்பவும் ஊன்றியது. கயிறு பிடிக்காமலே வரிசை நேராக வந்தது. அவருடைய காலடிகள் அவருக்கு முன்னால் கிடந்தன; ஒன்றின்மேலும் நாற்று இல்லை.

"இது எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சிய சார்?" என்றார் பாவா.

பிரிஸில்லா மட்டும் ஒன்றும் கேட்காமல் வந்து, அவருக்கு இடது பக்கத்தில் குனிந்தாள். அவர் கால் பின்னால் போனபோது அவள் காலும் போனது. பிறகு மற்ற நால்வரும்.

வெயில் ஏறுவதற்குள் வயல் முடிந்தது. முதுகை நிமிர்த்த அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நிமிர்ந்த பிறகு எப்போதும்போல நேராகவே நின்றார்.

தொடைவரை சேறு. அந்தக் கோலத்தில் பஸ்ஸில் ஏற மனமில்லாமல் நடந்தார். அன்றைக்குத் திரும்பும்போது ஓட்டக்காரர்களும் ஓடவில்லை. அவர் நடைக்குப் பைய நடந்து வந்தார்கள். டவுண் பஸ் ஒன்று அவர்களைக் கடந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் சேதி பரவிவிட்டது. மருமகளைக் கூப்பிடப் போன நேசையா சார் வயலில் வழுக்கி விழுந்துவிட்டாராம்.

நல்ல வதந்தி. அப்படியே விட்டிருந்தால், முப்பது வருட வாக்கியத்துக்குச் சேதமில்லை.

சர்ச் வாசலில் பிரிஸில்லாவின் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "விழுந்திட்டியளாமே சம்பந்தி? அடி ஒண்ணும் இல்லையே?"

சுற்றிலும் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரிஸில்லா தரையைப் பார்த்தாள்.

நேசையா சார் முழுக்கைச் சட்டையின் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

"விழல்ல. நட்டேன். எங்கம்மா கூலிக்கு நட்ட வயல் அது. பன்னெண்டு வயசு வரைக்கும் நானும் அவளுக்குப் பக்கத்துல நின்னு நட்டிருக்கேன்."