வெளியே சொல்ல முடியாத வியாதி

"தும்மல்! உள்ளே போங்க!"

கிளினிக்கே அதிர்ந்தது. வரவேற்பு மேசை அம்மாளின் விரல் நீண்ட திசையில் ஓர் இளம்பெண் எழுந்து, டாக்டர் அறைக்குள் போனாள்.

"அடுத்து முழங்கால் வலி! அதுக்குப் பின்னாடி காது குடைச்சல்! ரெண்டு பேரும் தயாரா இருங்க!"

மேசையில் புதுக் கம்ப்யூட்டர் இருந்தது. பக்கத்தில் மைக்கும் இருந்தது. அந்தத் தொண்டைக்கு மைக் எதற்கு?

இத்தனை நாற்காலிகள் காலியாக இருந்தும் நின்றுகொண்டே இருந்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று மேசைக்கு வந்தார்.

"என்னம்மா அநியாயம் இது? ஒவ்வொருத்தர் வியாதியையும் இப்படி ஏலம் போடறீங்க?"

"பேரைச் சொன்னா யாரும் எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க சார். எல்லாரும் போன்ல முங்கிக் கிடக்கறாங்க. வியாதியைச் சொன்னா டக்குனு எழுந்துடறாங்க."

"மானம் போகுதேன்னு எழுந்து ஓடறாங்கம்மா!"

"ஓடினா நல்லதுதானே சார். வரிசை சீக்கிரம் நகரும்."

அவருக்கு முகம் சிவந்தது.

"தகவல் பாதுகாப்புச் சட்டம்னு போன வருஷம் வந்ததே, கேள்விப்பட்டிருக்கீங்களா? அதை எழுதின குழுவில நான் உறுப்பினர். நீங்க பண்ற காரியத்துக்கு அபராதம் உண்டு. நான் ஒரு கடுதாசி போட்டா உங்க வேலையே போயிடும்."

அம்மாளின் பேனா நின்றது.

"பத்தொன்பது வருஷமா இப்படித்தான் கூப்பிடறேன் சார். யாரும் குறை சொன்னதில்லை," என்றார் தணிந்த குரலில். "சரி, உங்களுக்கு உடம்புக்கு என்ன?"

"உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? உங்க கிளினிக் ஆப்ல எல்லாத்தையும் விவரமாப் போட்டாச்சு. அதுல ரகசியம் ரகசியமா இருக்கும்."

"ஆப்ல போட்டது இங்கதான் சார் வரும்."

அம்மாள் திரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"ஓ..." என்றார்.

அந்த 'ஓ'வில் உறுப்பினருக்கு வியர்த்துவிட்டது. போதாக்குறைக்கு, பின்னாலிருந்து தெரிந்த குரல் ஒன்று.

"சார்! நீங்களா? ஏன் சார் நிக்கறீங்க? உட்காருங்க சார்!"

அவருடைய அலுவலக டைப்பிஸ்ட். மாமியாரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்க வந்தவர். இவர் காதில் ஒரு சங்கதி விழுந்தால், பதினோரு மணி டீக்குள் நாலு மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

"பரவாயில்லைப்பா. நிக்கறது உடம்புக்கு நல்லது."

"உடம்புக்கு என்ன சார்?"

உறுப்பினர் வாயைத் திறப்பதற்குள் மேசை அம்மாள் மூச்சை நன்றாக இழுத்தார். உறுப்பினர் கண்களை இறுக மூடிக்கொண்டார். முடிந்தது கதை.

"கழுத்துச் சுளுக்கு! உள்ளே போங்க!"

யாரும் அசையவில்லை.

"உங்களைத்தான் சார், முழங்கால் வலி அப்புறம் போகட்டும். கழுத்துச் சுளுக்கு!"

உறுப்பினர் கண்ணைத் திறந்தார். அம்மாளின் விரல் அவரைத்தான் காட்டியது. கண் மட்டும் திரையில் இருந்தது.

"அடடா! ராப்பகலாக் குனிஞ்சு சட்டம் எழுதினா கழுத்து என்னத்துக்கு ஆகும்!" என்று உருகினார் டைப்பிஸ்ட்.

உறுப்பினர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உள்ளே போனார்.

விஷயத்தைக் கேட்டு டாக்டர் சிரித்தார்.

"அந்தம்மா இதுவரைக்கும் ஒருத்தருக்கும் உண்மையான வியாதியைச் சொன்னதில்லை சார். இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வெறும் பேரைக் கூப்பிட்டா, பக்கத்துல இருக்கறவங்க 'உனக்கு என்ன, உனக்கு என்ன'ன்னு குடைஞ்சு எடுத்துடுவாங்க. அதனால பதிலையும் சேர்த்தே கூவிடறாங்க. இப்ப 'தும்மல்'னு ஒரு பொண்ணு வந்துட்டுப் போனாளே..."

டாக்டர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"தும்மல்தான் சார்."

பரிசோதனை முடிந்தது.

"மருந்துச் சீட்டு ஆப்லயே வந்துடும். எங்களுக்கு அது இலவசமாக் கிடைச்சது. பைசா செலவில்லை."

உறுப்பினர் வெளியே வந்தார். நேராக மேசைக்குப் போய், "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை சார். தலையணையை மாத்திப் பாருங்க, சரியாயிடும்," என்றார் அம்மாள், டைப்பிஸ்ட் காதிலும் விழும்படி.

உறுப்பினர் போனை எடுத்து ஆப்பைத் திறந்தார். மருந்துச் சீட்டு வரவில்லை. ஒரு வீடியோ வந்தது. முழுச் சத்தத்தில்.

"மூலத் தொல்லையா? உட்கார முடியவில்லையா? கவலையை விடுங்கள்! உங்களுக்காகவே எங்கள் மெத்தென்ற வளைய மெத்தை!"

கூடம் மொத்தமும் திரும்பியது. உறுப்பினர் வீடியோவை மூடும் பொத்தானைத் தேடி விரலால் குத்து குத்தென்று குத்தினார். 'ஐந்து விநாடி காத்திருக்கவும்' என்றது போன்.

டைப்பிஸ்ட் உறுப்பினரின் கழுத்தைப் பார்த்தார். அப்புறம் அவர் பார்வை மெல்லக் கீழே இறங்கியது.

கொதித்து எழுந்தது மேசை அம்மாள்தான்.

"என்ன அக்கிரமம் சார் இது! நான் பொத்திப் பொத்தி வச்சதை இது இப்படிப் போட்டு உடைக்குதே! என்னைச் சொன்னீங்களே, இந்தக் கம்பெனிக்காரன் மேல கடுதாசி போடுங்க சார்! அபராதம் தீட்டுங்க!"

"முடியாதும்மா..." உறுப்பினரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பதினாலாம் பிரிவுல விலக்கு இருக்கு. இலவசமாச் சேவை குடுக்கற கம்பெனி, தகவலை வியாபாரக் கூட்டாளிகளுக்குக் குடுக்கலாம்."

"குடுக்கலாமா? அதை எந்த மகராசன் சார் எழுதினான்?"

உறுப்பினர் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். அம்மாளின் பார்வை பக்கத்தில் நின்ற டைப்பிஸ்ட் மேல் போய் நின்றது.

"என்னை ஏம்மா முறைக்கறீங்க?" என்று பதறினார் டைப்பிஸ்ட். "'கம்பெனிக்காரங்களும் பிழைக்க வேண்டாமாய்யா'ன்னு சார்தான் கைப்பட எழுதிக் குடுத்தார். நான் டைப் அடிச்சதோட சரி!"