கோபம் ஒட்டாத உதட்டுச் சாயம்

அண்ணன் மகள் நிறைமதியின் கல்யாணத்தில் நான், ஆமாம் நானேதான், விடியற்காலை முதல் மாலை வரவேற்புவரை ஒருமுறைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. இதுவரை முப்பத்தெட்டுக் கல்யாணங்களிலிருந்து பாதியிலேயே முறுக்கிக்கொண்டு கிளம்பியவள் நான். மண்டப வாசலில் எனக்கென்றே ஓர் ஆட்டோ நிற்கும்.

எல்லாம் பென்ஷன் பணத்தில் வாங்கிய அந்தப் புது லிப்ஸ்டிக்கின் வேலை. நாள் முழுக்க உதடு வெண்ணெயாக வழவழக்கும். சுழித்தால் வெடிப்பு விழுமாம். அதனால் சுழிக்கப் போகும்போதே உதட்டை இளக்கிச் சிரிப்பில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இன்று கோபிக்கவே மாட்டேன் என்று காலையிலேயே சொன்னேன். "நீயாவது கோவிக்காம இருக்கறதாவது," என்றார் அண்ணி. "அப்படி நடந்தா நானே மைக்குல சொல்றேன்."

அத்தையான நான்தான் பெண்ணுக்கு முதலில் நலங்கு வைக்க வேண்டும். அவசரத்தில் யாரோ சித்தியைக் கூப்பிட்டுவிட்டார்கள். மண்டபத்தில் நாதஸ்வரம்கூட நின்றுவிட்டது. அண்ணன் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"பாப்பா, இன்னிக்கு மட்டும் கெளம்பிடாத. பொண்ணு அழுதுடுவா."

எனக்குள் எரிமலை. இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. அதைப் பார்த்து நிறைமதி மணையிலிருந்து எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். பிறகு எங்கே கோபிப்பது? நலங்கு வைத்தேன், இரண்டு தடவை.

மாலையில் அண்ணி மைக்கைப் பிடித்தார்.

"எங்க நாத்தனார் கோவிக்கல. என் ரெண்டு கண்ணால பாத்தேன். வாசல்ல நிக்கிற ஆட்டோக்காரர உள்ள வந்து சாப்பிடச் சொல்லுங்க. இன்னிக்கு சவாரி கெடையாது."